பழைய டீசல் பிக்கப்: மூன்றில் எதை நம்பி வாங்குவது?

டெக்சாஸிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுக் கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 52. மென்பொருள் வேலை. வீட்டிலிருந்து 90 மைல் தள்ளி ஒன்பது ஏக்கர் நிலம் வாங்கியிருக்கிறார். மாதம் இரண்டு முறை சிறிய டிராக்டரையோ, வேலிக் கம்பங்களையோ, சரளைக் கல்லையோ டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு அங்கே போகவேண்டும். டிரெய்லரும் சரக்குமாகச் சேர்ந்து 11,000 பவுண்டு வரை வரும். கோடையில் ஒருமுறை கேம்பர் என்ற தங்கும் டிரெய்லரை இழுத்துக்கொண்டு குடும்பத்தோடு கொலராடோ மலைகளுக்குப் போவது வழக்கம். இதுவரை எல்லாவற்றுக்கும் வாடகை வண்டிதான். இனிச் சொந்தமாக ஒன்று வாங்கி, மற்ற நாட்களில் ஏழு மைல் தொலைவிலுள்ள அலுவலகத்துக்கும் அதிலேயே போய்வரலாம் என்று நினைக்கிறார்.

கையில் 45,000 டாலர் இருக்கிறது. பார்த்துவைத்திருப்பவை மூன்று: 58,000 மைல் ஓடிய 2016 செவர்லே சில்வராடோ 2500, 88,000 மைல் ஓடிய 2019 ராம் 2500, 1,14,000 மைல் ஓடிய 2018 ஃபோர்டு எஃப்-250. மூன்றும் டீசல். ராம், ஃபோர்டு இரண்டின் டாஷ்போர்டையும் படமெடுத்து அனுப்பியிருக்கிறார்.

“என் அப்பா லாரி ஓட்டினார். ஒரே எஞ்சினை இருபது ஆண்டுகள் வைத்திருந்தார். டீசலுக்குச் சாவில்லை என்று கேட்டே வளர்ந்தவன் நான். ராமில் வரும் கம்மின்ஸ் எஞ்சினைத் தவிர வேறெதையும் தொடாதே, பத்து லட்சம் மைல் ஓடும் என்கிறார் மைத்துனர். எந்த வண்டியாக இருந்தாலும் வாங்கியவுடன் புகை வடிகட்டிகளைக் கழற்றிவிடு, அப்புறம் பிரச்சினையே வராது என்கிறார் நண்பர். இதெல்லாம் நமக்கு எதற்கு, வாடகைக்கு எடுத்தால் போதாதா என்று கேட்கிறாள் மனைவி. மைல் குறைவாக இருப்பதால் எனக்குச் செவர்லே மீதுதான் கண். சரிதானா?”

வணக்கம். இருபத்திரண்டு ஆண்டுகளாக டீசல் வண்டிகளைப் பிரித்துப் பூட்டுவதுதான் என் தொழில். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை படித்தது உங்கள் அப்பாவைப் பற்றிய வரிகளுக்காக. அவர் அனுபவித்துச் சொன்னது உண்மை. அந்தக் காலத்து எஞ்சினில் டீசலை அளந்து கொடுத்தது ஓர் எளிய எந்திரப் பம்ப். கொஞ்சம் அழுக்கான டீசலைக்கூட அது பொறுத்துக்கொண்டது. புகை எப்படிப் போனாலும் கேட்பாரில்லை. நீங்கள் வாங்கப்போகும் வண்டியிலும் அதே உறுதியான இரும்பு இருக்கிறது. கம்மின்ஸில் ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில்; செவர்லேயின் டுராமேக்ஸ் எஞ்சினும் ஃபோர்டின் பவர் ஸ்ட்ரோக்கும் வி-8, அதாவது இரு சரிவாக எட்டு சிலிண்டர்கள். மூன்றின் பிளாக்கும், அதாவது சிலிண்டர்களைத் தாங்கும் இரும்புக் கூடும், ஒழுங்காகப் பராமரித்தால் சில லட்சம் மைல்களைத் தாண்டும். ஆனால் அந்த இரும்பைச் சுற்றி இப்போது இரண்டு அமைப்புகள் வந்து சேர்ந்திருக்கின்றன. ஒன்று, டீசலை உயர் அழுத்தத்தில் பீய்ச்சும் அமைப்பு. இன்னொன்று, புகையைச் சுத்தம் செய்யும் அமைப்பு. என் பட்டறைக்கு இழுத்துவரப்படும் பிக்கப்புகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றால் படுத்தவை. பிளாக் போய் வந்தவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஆகவே உங்கள் மைத்துனர் எஞ்சினைப் பற்றிச் சொல்வது சரி. அதை வைத்து வண்டியைத் தீர்மானிப்பதுதான் பிழை. பெயர் ஒன்றாகவே இருக்கும், ஆண்டு மாறினால் உள்ளே பம்ப் மாறியிருக்கும். பத்து லட்சம் மைல் ஓடிய வண்டிகளின் கதையைக் கேட்டுப் பாருங்கள், அவை ஏறக்குறைய எல்லாமே நாள் முழுக்க நெடுஞ்சாலையில் சூடு ஆறாமல் ஓடியவை. ஏழு மைல் அலுவலகத்துக்குப் போன வண்டி அந்தப் பட்டியலில் இருக்காது.

முதலில் பம்ப்

டீசல், அதைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குப் போகும்போது அதன் அழுத்தம் ஒரு சதுர அங்குலத்துக்கு 30,000 பவுண்டை ஒட்டி இருக்கும். சில எஞ்சின்களில் அதற்கும் மேல். அந்த அழுத்தத்தை உண்டாக்கும் பம்புக்குத் தனியாக எஞ்சின் ஆயில் கிடையாது. அதற்குள் ஓடும் டீசலே அதற்கு மசகு. போஷ் நிறுவனத்தின் பழைய சி.பி.3 பம்பில் மூன்று பிஸ்டன்கள், முரட்டுப் பிள்ளை. அதற்குப் பின் வந்த சி.பி.4.2 பம்பில் இரண்டே பிஸ்டன்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் உருளை, சுழலும் தண்டின் மேடான கேம் மீது உருண்டு போகும்படி அமைப்பு. உள்ளே காற்றோ தண்ணீரோ புகுந்தாலோ, டீசலின் வழவழப்பு குறைந்தாலோ அந்த உருளையைத் தாங்கும் பகுதி சற்றே திரும்பிவிடும். உருளவேண்டியது அப்புறம் தேய்க்கத் தொடங்கும். எஃகை எஃகு அரைக்கும் அந்தத் தூள் எட்டு இன்ஜெக்டர்களுக்கும் போய், மிச்சம் திரும்பும் குழாய் வழியாக டேங்குக்கும் போய்ச் சேரும்.

ஒருமுறை அப்படி நின்றுபோன வண்டியின் டீசல் ஃபில்டரைக் கழற்றி, அதிலிருந்த டீசலைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, உரிமையாளர் முன்னால் வெயிலில் பிடித்துக் காட்டினேன். குவளை முழுக்க ஜிகினாத் தூள் மிதந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டே நின்றார். பம்ப், இன்ஜெக்டர்களுக்கு டீசலைப் பிரித்துக் கொடுக்கும் ‘ரயில்’ குழாய், எட்டு இன்ஜெக்டர்கள், குழாய்கள், டேங்க் கழுவல் எல்லாம் சேர்ந்து பத்தாயிரம் டாலரை ஒட்டிப் போயிற்று. பம்பை மட்டும் மாற்றிவிட்டால் ஆகாதா என்று கேட்டார். ஆகாது. எங்கேயாவது ஒரு துகள் மிச்சமிருந்தால் புதிய இன்ஜெக்டரும் போய்விடும்.

அமெரிக்க டீசலுக்கும் இதில் பங்கு உண்டு. வழவழப்பைச் சோதிக்கும்போது உலோகத்தில் விழும் தேய்மானத் தழும்பு 520 மைக்ரான் வரை இருக்கலாம் என்கிறது அமெரிக்கத் தரம். ஐரோப்பியத் தரம் அதை 460 மைக்ரானோடு நிறுத்திவிடுகிறது. சி.பி.4 ஐரோப்பாவில் வடிவமைக்கப்பட்ட பம்ப் என்பதை நினைவில் வையுங்கள்.

இனி உங்கள் மூன்று வண்டிகளுக்கு வருவோம். 2011 முதல் 2016 வரை வந்த டுராமேக்ஸில் இருப்பது இதே சி.பி.4.2. அதோடு, டேங்கிலிருந்து டீசலைத் தள்ளிவிடும் மின் பம்பும் அந்த எஞ்சினுக்குக் கிடையாது. உயர் அழுத்தப் பம்பே நெடுந்தூரம் உறிஞ்சி இழுக்கவேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் மீது இதற்காக உரிமையாளர்கள் கூட்டாக வழக்குப் போட்டு, 2024-ல் அந்த நிறுவனம் 5 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. அந்தச் சமரசம் எல்லா மாநிலத்துக்கும், எப்போது வாங்கியவருக்கும் பொருந்துவது இல்லை. ஆகவே அதை நம்பி நீங்கள் வாங்கக்கூடாது. 2017 முதல் டுராமேக்ஸுக்கு டென்சோ பம்ப் வந்துவிட்டது, டேங்கிலும் மின் பம்ப் வைத்துவிட்டார்கள். உங்கள் கண் பட்ட செவர்லே ஓர் ஆண்டு இளையதாக இருந்திருந்தால் இந்தக் கடிதத்தைப் பாதியிலேயே முடித்து, அதையே வாங்குங்கள் என்று எழுதியிருப்பேன்.

ராம் 2019, 2020 ஆகிய இரண்டு ஆண்டுகள் மட்டும் சி.பி.4-க்கு மாறிப் பார்த்தது. 2021 நவம்பரில் சுமார் 2,22,000 வண்டிகளைத் திரும்ப அழைத்துப் பழைய சி.பி.3 பம்பையே பொருத்திக் கொடுக்க வேண்டியதாயிற்று. நீங்கள் பார்த்த 2019 வண்டியில் அந்த வேலை நடந்திருந்தால், இந்த ஒரு விஷயத்தில் மூன்றிலும் அதுதான் பாதுகாப்பானது. நடந்ததா என்று தெரிந்துகொள்ள யாரையும் கெஞ்ச வேண்டாம். அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் இணையதளத்தில் வண்டியின் 17 இலக்க அடையாள எண்ணை (வின் எண்) போட்டால் நிலுவையில் உள்ள திரும்பப்பெறல்கள் தெரியும். நிலுவையில் இருந்தால் டீலர் அதை இலவசமாகச் செய்துதர வேண்டும்.

ஃபோர்டு 2011-லிருந்து சி.பி.4.2 பம்பையே வைத்திருக்கிறது. ஆனால் டீசலை வடிகட்டி அழுத்தத்தோடு தள்ளிவிடும் மின் பம்ப் முன்னால் இருப்பதால், பழைய டுராமேக்ஸ் அளவுக்கு அது தவிப்பதில்லை. ஆபத்து குறைவு, இல்லவே இல்லை என்று சொல்லமாட்டேன். பம்ப் உடைந்தாலும் துகள் இன்ஜெக்டர் பக்கம் போகாமல் டேங்குக்குத் திருப்பிவிடும் தடுப்புக் குழாய்த் தொகுப்பு ஒன்று சில நூறு டாலருக்குக் கிடைக்கிறது. ஃபோர்டை வாங்கினால் முதல் மாதமே அதைப் போட்டுவிடுங்கள். ஃபில்டரை உரிய காலத்துக்குச் சற்று முன்பே மாற்றுங்கள். கூட்டம் அதிகமாக வரும், சரக்கு லாரிகள் நிரப்பும் பங்கில் டீசல் போடுங்கள். ரசீதுகளை ஓர் உறையில் போட்டுவையுங்கள். டீசலில் தண்ணீர் கலந்திருந்தது என்று ஒரு தகராறு வந்தால் அந்த உறைதான் உங்கள் சாட்சி.

ஏழு மைல் அலுவலகம்

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்த வரி இதுதான். 2007 மாதிரியாண்டிலிருந்து கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டியும், 2010-க்கான கடும் விதிக்குப் பிறகு நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கும் டெஃப் திரவமும் அமெரிக்க டீசல் பிக்கப்புகளில் படிப்படியாக வந்துசேர்ந்தன. வடிகட்டியில் சேரும் கரியை அவ்வப்போது எரித்துச் சாம்பலாக்க வேண்டும். அதற்குப் புகைபோக்கிக்குள் சுமார் 550 முதல் 600 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். நெடுஞ்சாலையில் பாரம் இழுக்கும்போது பெரும்பகுதி வேலை தானாகவே நடந்துவிடும். ஏழு மைல் ஓட்டத்தில் ஆயில்கூட முழுதாகச் சூடேறாது. வண்டி எரிப்பைத் தொடங்கும், நீங்கள் நிறுத்தத்தில் போட்டுச் சாவியை எடுத்துவிடுவீர்கள். மாலையில் மறுபடி தொடங்கும், வீடு வந்துவிடும்.

ராமிலும் ஃபோர்டிலும் அந்த எரிப்புக்கான கூடுதல் டீசல் சிலிண்டருக்குள்ளேயே, வெடிப்பு முடிந்த பிறகு பீய்ச்சப்படுகிறது. அதில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலோடு கலக்கும். எரிப்பு பாதியில் நிற்க நிற்க இந்தக் கலப்படம் கூடும், ஆயில் நீர்க்கும். ஆயில் அளவு குச்சியில் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறியிருந்தால் அது டீசல்தான். டுராமேக்ஸில் இந்த வேலைக்குப் புகைக்குழாயில் தனி இன்ஜெக்டர் இருப்பதால் ஆயில் தப்பிக்கிறது. அந்த நல்ல ஏற்பாட்டுக்காக நான் அதை எப்போதும் பாராட்டுவேன்.

எனவே எந்த டீசலை வாங்கினாலும் அதை அலுவலகத்துக்கு எடுத்துப்போகாதீர்கள். இப்போதிருக்கும் காரை விற்க வேண்டாம். மாதம் இரண்டு முறை 90 மைல் பாரம் இழுத்துப் போய்வருவது இந்த வடிகட்டிக்கு மருந்து. மற்ற நாட்களில் நின்றால் ஒன்றும் கெட்டுவிடாது. ஒரேயொரு எச்சரிக்கை: டெஃப் ஊற்றும் வாயின் மூடி நீலமாக, பல வண்டிகளில் டீசல் மூடிக்குப் பக்கத்திலேயே இருக்கும். அவசரத்தில் டெஃபை டீசல் டேங்கில் ஊற்றிவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படி நேர்ந்தால் சாவியைத் தொடாதீர்கள். அப்படியே இழுத்துவரச் சொல்லுங்கள். எஞ்சினை ஓட்டாதவரை டேங்கைக் கழுவுவதோடு செலவு நின்றுவிடும்.

கழற்றிவிடலாமா?

நண்பர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். வடிகட்டியும், புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பிவிடும் இ.ஜி.ஆர். அமைப்பும் தொல்லை தருகின்றன என்பதும் மெய். ஆனால் அவற்றைக் கழற்றுவது கூட்டாட்சியின் தூய காற்றுச் சட்டத்துக்கு எதிரானது. ஒரு பத்தாண்டில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்புகளில் இவை அகற்றப்பட்டிருக்கின்றன என்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020-ல் மதிப்பிட்டது. எல்லோரும் செய்கிறார்கள் என்று தோன்றுவது அதனால்தான். செய்தவர்கள் பிறகு படும் பாட்டை நண்பர் சொல்லியிருக்கமாட்டார். டீலர் அந்த வண்டியைக் கையால் தொடமாட்டார். விற்கப் போனால் ஒழுங்கான இடத்தில் வாங்கமாட்டார்கள். வடிகட்டியோடு கட்டுப்பாட்டு மென்பொருளையும் மாற்றுவார்கள். அதோடு குதிரைத்திறனையும் ஏற்றிவிடுவார்கள். அடுத்து கியர்பாக்ஸ் போகும். இன்னொன்றையும் மனதில் வைத்துச் சொல்கிறேன்: அந்தப் புகை முதலில் போய்ச் சேர்வது உங்கள் டிரெய்லருக்குப் பின்னால் வருபவரின் நெஞ்சுக்குள்.

நிறுவனங்களே இதில் தப்பவில்லை. ராம் பிக்கப்புகளில் மாசுச் சோதனையை ஏமாற்றும் மென்பொருள் வைத்ததாக எழுந்த குற்றச்சாட்டில், தவறை ஒப்புக்கொள்ளாமலே 167.5 கோடி டாலர் அபராதம் கட்ட கம்மின்ஸ் 2023 டிசம்பரில் சம்மதித்தது. அதன் தொடர்ச்சியாக 2013 முதல் 2019 வரையிலான ராம் 2500, 3500 வண்டிகளுக்கு மென்பொருள் திருத்தமும், சில மாசுக்கட்டுப்பாட்டுப் பாகங்களுக்கு நீட்டித்த வாரண்டியும் உண்டு. 2019 ராமை வாங்குவதானால் அந்த வின் எண்ணுக்கு இது பொருந்துமா, திருத்தம் நடந்துவிட்டதா என்று டீலரிடம் எழுத்தில் கேளுங்கள்.

ஏற்கெனவே கழற்றப்பட்ட வண்டியை உங்கள் தலையில் கட்டிவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். புகைபோக்கியின் வாய்க்குள் வெள்ளைத் துணியை விட்டுத் துடையுங்கள். வடிகட்டி ஒழுங்காக வேலை செய்யும் வண்டியில் துணி ஏறக்குறைய வெள்ளையாகவே வரும். கன்னங்கரேலென்று வந்தால் வடிகட்டி உடைந்திருக்கிறது, அல்லது இல்லவே இல்லை.

படத்தில் நீங்கள் கவனிக்காதது

அனுப்பிய இரண்டு படங்களிலும் மைலுக்கு அருகில் இன்னொரு எண் இருக்கிறது. எஞ்சின் ஓடிய மணி நேரம். ராமில் 4,400. ஃபோர்டில் 2,850. மைலை மணியால் வகுத்துப் பாருங்கள். ராம் இதுவரை சராசரியாக மணிக்கு 20 மைல் வேகத்தில் ஓடியிருக்கிறது. ஃபோர்டு 40 மைல் வேகத்தில். முதலாவது நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிட்டே காலம் கழித்த வண்டி. ஏதோ கட்டட வேலைக்காரரின் வண்டியாக, குளிர்சாதனத்துக்காக மணிக்கணக்கில் உறுமிக்கொண்டு நின்றதாக இருக்கலாம். இரண்டாவது நெடுஞ்சாலை வண்டி. ஒரு மணி நேரம் நின்று ஓடுவதை 25 மைல் ஓட்டத்துக்குச் சமமாகக் கணக்கிடுவது பட்டறை வழக்கம். புகை வடிகட்டிக்கு அது இன்னும் மோசம், ஏனென்றால் நின்று ஓடும் எஞ்சினில் வெப்பமே இருக்காது. மைலில் 26,000 கூடுதலாக இருக்கும் ஃபோர்டுதான் உள்ளுக்குள் இளமையாக இருக்கிறது.

செவர்லேக்கு அந்த எண்ணை நீங்கள் அனுப்பவில்லை. கேட்டு வாங்குங்கள். பத்து வயது வண்டி 58,000 மைல்தான் ஓடியிருக்கிறது என்றால் ஆண்டுக்கு ஆறாயிரம் மைல்கூட இல்லை. அது கொட்டகையில் பத்திரமாக நின்றதா, தினம் இரண்டு மைல் கடைக்குப் போய்வந்ததா என்பதை அந்த மணிக் கணக்குதான் சொல்லும்.

ராமைப் பற்றி மேலும் இரண்டு விஷயங்கள். காற்று உள்ளே போகும் வழியில் குளிர்காலத்துக்கான மின் சூடேற்றி ஒன்று இருக்கிறது. அதன் இணைப்பு போல்ட் தளர்ந்து, அறுந்து, எஞ்சினுக்குள் விழுந்து சிலிண்டரையே நாசமாக்கும் குறை 6.7 கம்மின்ஸில் நன்கறியப்பட்டது. முன்கூட்டியே பிரித்துப் பார்த்துச் சரிசெய்ய ஆகும் செலவு, விழுந்த பிறகு ஆகும் செலவில் சிறு துளி. அடுத்து, 2500-ல் வரும் 68 ஆர்.எஃப்.இ. என்ற ஆறு வேக கியர்பாக்ஸ் அந்த எஞ்சினின் இழுவிசைக்கு ஈடுகொடுக்கத் திணறுவது. உங்கள் 11,000 பவுண்டுக்குத் தாங்கும். ஆனால் முந்தைய உரிமையாளர் எஞ்சினின் திறனை ஏற்றி ஓட்டியிருந்தால் அதில் மிச்சம் அதிகம் இருக்காது.

ஆக, இந்த மூன்றில் என்றால் என் வரிசை: முதலில் ஃபோர்டு. மணிக் கணக்குக் குறைவாக உள்ள, திரும்பப்பெறல் வேலை முடிந்த வேறொரு 2019 ராம் கிடைத்தால் அதையும் ஃபோர்டுக்குச் சமமாக வைப்பேன். நீங்கள் பார்த்தது வேண்டாம். செவர்லேயை விட்டுவிட்டு, அந்தப் பணத்துக்குள் 2017 அல்லது 2018 சில்வராடோ கிடைக்குமா என்று ஒரு மாதம் பொறுத்துத் தேடுங்கள். கிடைத்தால் அதுவே எல்லாவற்றுக்கும் முந்தும்.

உங்கள் மனைவியின் கேள்வி

அதைக் கடைசிக்கு வைத்தது மரியாதைக் குறைவால் இல்லை. கணக்குப் போட்டுப் பதில் சொல்லவேண்டிய கேள்வி அது. மாதம் இரண்டு முறை, போகவர 180 மைல். ஆண்டுக்கு 4,320 மைல், அதோடு கொலராடோப் பயணம். இவ்வளவு குறைந்த ஓட்டத்துக்கு டீசலின் எரிபொருள் சிக்கனம் அதன் கூடுதல் விலையை ஈடுகட்டாது. புதிய வண்டியில் டீசல் எஞ்சினுக்கு மட்டும் பத்தாயிரம் டாலரை ஒட்டிக் கூடுதலாகக் கேட்கிறார்கள். பழைய வண்டியிலும் அந்த வித்தியாசத்தின் பெரும்பகுதி தொடர்கிறது. 2020-ல் ஃபோர்டு கொண்டுவந்த 7.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும், அதே ஆண்டு செவர்லேயில் வந்த 6.6 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் உங்கள் டிரெய்லரை இழுத்துவிடும். அவற்றில் டெஃப் இல்லை, கரி வடிகட்டி இல்லை, சி.பி.4 இல்லை. ஏழு மைல் அலுவலகத்துக்கும் அவை முகம் சுளிக்காது. பெட்ரோல் பிக்கப்பை நீங்கள் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. அப்பாவின் லாரி காரணமாக இருக்கலாம். ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

டீசலுக்காக நான் மனமார வாதாடும் இடம் கொலராடோ. ஐ-70 நெடுஞ்சாலையில் ஐசனோவர் சுரங்கப்பாதை 11,000 அடிக்கு மேலே இருக்கிறது. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் சுமார் 3 சதவீதத் திறனை இழக்கும். மேலே போகும்போது மூன்றில் ஒரு பங்கு இருக்காது. டீசலின் டர்போ அந்த இழப்பில் பெரும்பகுதியை மீட்டுக்கொடுக்கும். இறங்கும்போதுதான் இன்னும் பெரிய வித்தியாசம். டர்போவின் இதழ்களை மூடிப் புகையை மடக்கும் எக்சாஸ்ட் பிரேக், காலை அடிக்கடி பிரேக்கில் வைக்காமலே பாரத்தைப் பிடித்துக்கொண்டு இறக்கும். குழந்தைகளைப் பின்னால் உட்காரவைத்து அந்த இறக்கத்தில் கேம்பரோடு இறங்கிய ஒருவருக்கு அதன் அருமை தெரியும். ஆண்டுக்கு ஒரு பயணத்துக்கு அது எவ்வளவு பெறும் என்பதை நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசவேண்டும். அந்த ஒரு பயணத்துக்கு மட்டும் டீசலை வாடகைக்கு எடுத்து, மற்றதற்குப் பெட்ரோல் வைத்துக்கொள்வதும் நல்ல வழிதான். வாடகை ஒப்பந்தத்தில் டிரெய்லர் இழுக்க அனுமதி இருக்கிறதா என்று மட்டும் படித்துப் பாருங்கள்.

எதை எடுத்தாலும் ஓட்டுநர் கதவை ஒட்டிய தூணில் உள்ள மஞ்சள் பட்டைத் தாளைப் பாருங்கள். வண்டி எவ்வளவு பாரம் சுமக்கலாம் என்று அதில் இருக்கும். டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இறங்கும். உங்களுக்கு அது 1,100 முதல் 1,650 பவுண்டு. அதோடு குடும்பம், பெட்டி படுக்கை. டீசல் எஞ்சின் கனமானது என்பதால் 2500 வகை டீசலில் சுமக்கும் திறன் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாக இருக்கும். விளம்பரத்தில் உள்ள இழுவை எண்ணை மட்டும் பார்த்து வாங்கியவர்கள் இங்கேதான் இடறுகிறார்கள்.

சட்டத்தில் ஒரு தவறான நம்பிக்கையையும் திருத்திவிடுகிறேன். பழைய வண்டி விற்கும் டீலர் வாரண்டி விவரத்தைக் கண்ணாடியில் ஒட்டவேண்டும் என்ற கூட்டாட்சி விதி, மொத்த எடை வரம்பு 8,500 பவுண்டுக்குக் குறைவான வண்டிகளுக்குத்தான். 2500, எஃப்-250 வகைகள் அந்த வரம்புக்கு மேலே. தாள் ஒட்டப்படவில்லையே என்று பிறகு வாதாட முடியாது. ஆகவே டீலர் வாயால் சொல்லும் ஒவ்வொன்றையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். மூன்று வண்டிகளுக்கும் எஞ்சினுக்கான ஐந்தாண்டு, ஒரு லட்சம் மைல் நிறுவன வாரண்டி முடிந்துவிட்டது. 45,000 டாலரையும் வண்டிக்கே கொட்டாமல் ஏழெட்டாயிரத்தைத் தனியாக எடுத்துவையுங்கள்.

வாங்குமுன் டீலருக்குச் சம்பந்தமில்லாத டீசல் பட்டறை ஒன்றில் வண்டியைக் காட்டுங்கள். ஃபில்டரிலுள்ள டீசலைக் கண்ணாடிக் குவளையில் வடித்துக் காட்டச் சொல்லுங்கள். சி.பி.4 உள்ள வண்டியானால் பம்பின் எரிபொருள் கட்டுப்பாட்டு வால்வைக் கழற்றி அதன் சல்லடையையும் பார்க்கச் சொல்லுங்கள். வடிகட்டியில் கரி எவ்வளவு, கடைசியாக எப்போது முழு எரிப்பு நடந்தது, பிழைக் குறியீடுகள் ஏதும் அண்மையில் அழிக்கப்பட்டனவா என்பதைக் கணினியில் எடுக்கச் சொல்லுங்கள். ஆயில் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பினால் டீசல் கலந்திருப்பதையும், கூலன்ட் கசிந்திருப்பதையும் ஒரு வாரத்தில் சொல்லிவிடுவார்கள். இதற்கெல்லாம் ஆகும் சில நூறு டாலரைச் செலவாக நினைக்காதீர்கள்.

வண்டியைப் பார்க்கக் காலையில் போங்கள். நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யவேண்டாம் என்று முன்னதாகவே போனில் சொல்லிவையுங்கள். குளிர்ந்த எஞ்சின் தயங்குகிறதா, இன்ஜெக்டர் தட்டுகிறதா, வெள்ளைப் புகை எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதெல்லாம் முதல் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். சூடேறிய பிறகு எல்லா டீசலும் நல்ல பிள்ளைதான். போய் இறங்கியதும் விற்பவரிடம் கைகுலுக்குமுன் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், வேறொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள்.